வாணிவிழாவுக்குப் பிறகு வந்த வனிலின்

எங்கள் பழைய ஆய்வுகூடத்துக்குப் புதிய மீயொலிக் கருவி ஒன்று வந்திருக்கிறது என்று போன மாதத்து இரண்டாம் சனிக்கிழமை எனக்குப் போன் வந்தது. தொடுதிரை வைத்ததாம். தன்னைத் தானே சரிசெய்துகொள்ளுமாம். முனை தேய்ந்தால் சிவப்பு விளக்குப் போட்டு அறிவிக்குமாம். இப்போது அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் மூன்று பேர் ஒரே போனைச் சுற்றி நின்று பேசினார்கள்.

“அண்ணன், உங்கட காலத்தில முனை தேஞ்சிட்டுதெண்டு எப்பிடித் தெரிஞ்சுக்கிட்ட?”

“அதச் சொல்லி முடிக்க உங்கட போன்ல சார்ஜ் காணாது” என்றேன்.

“அப்ப எழுதித் தாங்க.”

அவர்கள் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டிருப்பார்கள். என்னிடம் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது என்பதை இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்வார்கள்.

எழுத உட்காருவதற்கு முன் பாயிஸுடன் ஒருமுறை சரிபார்த்தேன். பாயிஸ் காத்தான்குடிக்காரர். ஒரு கரைசலில் என்னென்ன பொருள் எவ்வளவு இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் பகுப்பாய்வுக் கருவியை இருபது வருடத்துக்கு மேலாக ஓட்டியவர். அந்தக் கோட்டில் எழும் கூம்பை நாங்கள் ‘பீக்’ என்போம். பீக் விஷயத்தில் பாயிஸ் பிழை விட்டதில்லை. கிழமை விஷயத்தில் சரியாகச் சொன்னதில்லை. இந்தக் கதை தொடங்கியது வியாழக்கிழமை என்பது அவர் கட்சி. அது புதன்கிழமை. அந்த வருடம் விஜயதசமி செவ்வாயில் வந்தது, வேலை தொடங்கியது அதற்கு அடுத்த நாள். பாயிஸுக்கு வியாழன் ஏன் நினைவில் நிற்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியல் நன்றாக வந்தது, மற்றவை வரவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் கண்ணாடிக் குழாய் ஊதவும் கருவிகளைக் கழற்றவும் பழகினேன். கழற்றியதைத் திரும்பப் பூட்டப் பழகியது வேலைக்கு வந்த பிறகு. வாவியைப் பார்த்த அந்த ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தனாகச் சேர்ந்து அங்கேயே ஓய்வுபெற்றேன். இடையில் வெள்ளமும் மின்வெட்டும் உப்புக்காற்றும் தின்ற கருவிகள் பல. நான் அதிகம் பழகியது மீயொலிக் கருவியோடுதான்.

அதைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் காதுக்குக் கேட்காத அளவு விரைவாக அதிரும் ஒலியைத் திரவத்துக்குள் செலுத்தினால், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உண்டாகி உடையும். உடைகிற அந்த இடத்தில், அந்த நொடியின் ஒரு சிறு துண்டுக்கு மட்டும், பயங்கரமான சூடு. பக்கத்தில் நிற்கும் மூலக்கூறுகள் முறியும், ஒட்டும், உரு மாறும். பீக்கரில் உள்ள மொத்தத் திரவமோ கைச்சூடுதான். எங்கள் வேலை நெல் தவிட்டோடு. தவிட்டில் பெரூலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. அதன் வாலை ஓரிடத்தில் நறுக்கினால் வனிலின், அதாவது கேக்கிலும் ஐஸ்கிறீமிலும் மணக்கிற அதே பொருள். வனிலாக் கொடியை எங்கேயோ ஒரு தீவில் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தடவி வளர்க்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். நாங்கள் மாட்டுக்குப் போகிற தவிட்டிலிருந்து அதை எடுக்கப் பார்த்தோம்.

இந்த யோசனை எங்கள் பிரிவின் தலைவர் கலாநிதி யோகராணியுடையது. எங்களுக்கு அவர் ‘மேடம்’. கரடியனாற்றுப் பக்கத்து வட்டைகளில் தலைமுறையாக நெல் விதைத்த குடும்பம். தவிட்டைக் கையில் எடுத்துத் தேய்த்து, எந்த மில்லில் எத்தனை நாளைக்கு முன் குற்றியது என்று சொல்லிவிடுவார். யாரையும் ஏசமாட்டார். எல்லாரும் அவருக்கு ‘நீங்க’. ஆய்வுகூடத்துக்குள் வந்துவிடும் பூனையிடம்கூட “வெளியால போங்க” என்றுதான் சொல்வார். ஏசாமல் அவர் கேட்கும் ஒரு கேள்விதான் எங்களுக்குப் பயம். “அப்பிடியா? எப்பிடித் தெரியும்?” என்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் பலர். அவர்களில் நானும் ஒருவன்.

எங்களிடம் மீயொலிக் கருவிகள் இரண்டு இருந்தன. ஒன்று தொட்டி வடிவானது, பாத்திரம் கழுவ. அதில் நகையும் பளபளக்கும் என்ற இரகசியம் எப்படியோ அலுவலகப் பக்கம் போய்விட்டது. தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் கண்ணாடிக் குவளை கழுவப் போனால் தொட்டிக்குள் சங்கிலியும் காப்பும் கிடக்கும். ஒருநாள் மேடம் மூடியைத் திறந்தார். உள்ளே நிதிப் பிரிவு முழுவதின் கல்யாண நகையும் கிடந்தது. “இதுல என்ன பரிசோதனை நடக்குது?” என்று கேட்டார். “ஊத்தை கழற்றுறம், மேடம்” என்று பாயிஸ் சொன்னார். “முடிவு வந்ததும் எழுதித் தாங்க” என்றுவிட்டுப் போனார். அதோடு நகை வருவது நின்றது.

மற்றது ‘புரோப்’. பேனைத் தடிப்பில் ஒரு டைட்டேனியத் தண்டு. அதன் கீழ்நுனியில், கழற்றிப் பூட்டக்கூடிய மாதிரி ஒரு முனை. தண்டைத் திரவத்துக்குள் இறக்கி மின்னைக் கொடுத்தால் முனை அதிரும். காதுக்குக் கேட்காத ஒலி என்று புத்தகம் சொல்லும். குமிழி உடைகிற சத்தம் நன்றாகவே கேட்கும், தகரத்தில் ஆணியால் கீறுகிறமாதிரி. காதை மூடும் கவசம் போடாமல் அருகில் நிற்க ஏலாது. கொழும்பிலிருந்து வருகிற விருந்தினர் எல்லாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வாவியைக் காட்டி, இரவில் அதற்குள் பாடுவதாக ஊர் சொல்லும் பாடும் மீன் பற்றி ஒரே பகிடியை விடுவார்கள். மேடம் அதற்கென்று ஒரு புன்னகை வைத்திருந்தார். அளவு மாறாது.

ஒரு ஓட்டம் இப்படி நடக்கும். தவிட்டுச்சாறும் காரமும் கலந்த கரைசல் பீக்கரில். பீக்கர் ஐஸுக்குள். எங்கள் ஐஸ் இயந்திரம் பழுதானதிலிருந்து மீன்காரர்கள் வாங்குகிற இடத்தில்தான் ஐஸ் வாங்கினோம். அதனால் மேடத்தின் கட்டளைப்படி அது பொலித்தீன் பைக்குள்ளேயே இருக்கவேண்டும், வனிலாவில் சூடைமீன் மணக்கக்கூடாது. முனை ஒரு விரல்மூட்டு ஆழம் இறங்கவேண்டும். மேலே நின்றால் நுரை தள்ளும், கீழே போனால் சக்தி வீணாகும், கண்ணாடியில் தட்டினால் பீக்கர் போய்விடும். கொஞ்ச நேரம் அதிர்வு, கொஞ்ச நேரம் ஓய்வு, மாறி மாறி. ஒருவர் வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது, ஏறினால் ஐஸ் பையை நெருக்கவேண்டும். கையெல்லாம் விறைத்துப்போகும். முடிந்ததும் குழாயில் உறிஞ்சி, வடித்து, குப்பியில் ஊற்றி, லேபல் ஒட்டி, பாயிஸிடம் கொடுக்கவேண்டும். லேபல் ஒட்டும்வரை ஓட்டம் முடியவில்லை என்பது மேடத்தின் சட்டம். அதுவரை யாரும் அவரோடு வேறு கதை பேச ஏலாது. ஒருமுறை பணிப்பாளரே கதவடியில் காத்துநின்றார்.

இந்த வேலையை நாளுக்கு நாள் செய்தவர் வினோதினி. பெரியகல்லாற்றுப் பிள்ளை. ஒப்பந்த அடிப்படையில் வந்த ஆய்வு உதவியாளர். கைவேலை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். என்னை ‘அண்ணன்’ என்றும் முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் வழக்கப்படி பாயிஸை ‘நானா’ என்றும் அழைத்தபடி எங்கள் இருவரையும் வேலை வாங்குவார். அவருடைய ஒப்பந்தம் அந்த மார்கழியோடு முடிகிறது. அதற்குள் கொழும்பிலிருந்து மதிப்பீட்டுக் குழு ஒன்று வரும். விளைவு நன்றாக இருந்தால் திட்டம் நீளும், வினோதினியும் இருப்பார். இல்லாவிட்டால் திட்டமும் இல்லை, வேலையும் இல்லை. வீட்டில் உழைக்கிற ஆள் அவர் ஒருவர்தான் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் சொல்லித் தெரிந்ததல்ல. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் தம்பியின் ரியூசன் மாஸ்டருக்குப் போன் எடுத்து, “சேர், அவன் இண்டைக்கு வந்தவனா?” என்று கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்து தெரிந்தது.

விளைவோ நன்றாக இல்லை. சித்திரையில் ஓரளவு வந்த வனிலின் ஆவணியில் பாதிக்கும் கீழே போய்விட்டது. தவிட்டை மாற்றினோம், காரத்தை மாற்றினோம், நேரத்தை மாற்றினோம். பாயிஸ் ஒவ்வொரு நாளும் கோட்டை நீட்டிக் காட்டுவார். அதில் பீக் ஒரு கொசுக்கடி அளவு எழும்பி நிற்கும்.

“புள்ள, இதுல வனிலாவும் இரிக்கி எண்டு நானே சத்தியம் பண்ணினாத்தான் நம்புவானுகள்” என்பார்.

இந்த நிலையில்தான் வாணிவிழா வந்தது. எங்கள் ஆய்வுகூடத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாள் கருவிகளைத் துடைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பூ வைத்து, ஒவ்வொரு கருவிக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். முதற் சந்தனம் தலைவர் கையால். பிறகு அவல், கடலை. பாயிஸ் அவலுக்கு வருவார். ஆனால் தன் பகுப்பாய்வுக் கருவிக்கு முன்னால் கையை விரித்து நிற்பார்.

“என்ட மிசினுக்குப் பொட்டு வேணாம். மாலை மட்டும் காணும்.”

புரோப்புக்கு நாங்கள் வழக்கமாகச் சந்தனத்தை அதற்கு மின் கொடுக்கும் பெட்டியின் மூடியில் வைப்போம். மேடம் சந்தனக் கிண்ணத்தோடு மீயொலிக் கருவிக்கு முன்னால் வந்தார். மூடியையும் பார்த்தார், தண்டையும் பார்த்தார்.

“இதுல உண்மையா வேலை செய்யிற பகுதி எது?”

“முனைதானே மேடம்” என்றார் வினோதினி.

மேடம் மோதிரவிரலைச் சந்தனத்தில் தொட்டு, குனிந்து, டைட்டேனிய முனையின் நட்டநடுவில் வைத்தார். எங்கள் யாருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. மேடம் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பழகிப்போயிருந்தோம்.

மறுநாள் புதன்கிழமை காலை எல்லாக் கருவிகளையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். முனையும் பளிச்சென்று இருந்தது. வினோதினி அன்று அவசரத்தில் இருந்தார். குழுவுக்கு முன்கூட்டியே அனுப்பவேண்டிய சுருக்கத்துக்கு அன்றுதான் கடைசி நாள். ஒரு ஓட்டம் ஓடி, குப்பியைப் பாயிஸிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். பாயிஸின் சத்தம் கேட்டு நாங்கள் எல்லாரும் கைகழுவாமல் ஓடினோம்.

“என்னகா இது! பீக்கப் பாக்க ஏணி வைக்கணும்!”

கோட்டில் வனிலின் கோபுரம்போல நின்றது. வினோதினி வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் நின்றது. அதைப் பார்க்காதமாதிரி நானும் பாயிஸும் திரையைப் பார்த்தோம். சுருக்கத்தில் அந்த வரைபடத்தையும் சேர்த்து அனுப்ப வினோதினி மேடத்திடம் கேட்டார். மேடம் கொஞ்சநேரம் கோட்டைப் பார்த்தார். “முதற்கட்டம் எண்டு கீழே போடுங்க” என்றார். போட்டு அனுப்பினார்.

அடுத்த நாள் பாயிஸ் வீட்டிலிருந்து, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வந்தது. பாயிஸின் நினைவில் நிற்கும் வியாழக்கிழமை இதுதான். அன்று ஓடிய இரண்டாவது ஓட்டத்தில் கோபுரம் கொஞ்சம் குட்டையாகியிருந்தது. அப்போதும் மோசமில்லை. வட்டிலப்பத்தின் கடைசித் துண்டுக்கு நானும் வினோதினியும் வாதாடிக்கொண்டிருந்தபோது மேடம் உள்ளே வந்தார்.

“பிளாங்க் ஓடினதா?”

பிளாங்க் என்பது தவிட்டுச்சாறு எதுவும் சேர்க்காமல், வெறும் தண்ணீரும் காரமும் மட்டும் வைத்து, முழு வேலையையும் முதலிலிருந்து கடைசிவரை செய்வது. அதில் வனிலின் வரக்கூடாது. வாராவாரம் ஓடுவோம். அந்த வாரம் வாணிவிழாவாலும் அவசரத்தாலும் ஓடவில்லை.

“இல்ல மேடம். ஆனா மேடம், ரிசல்ட் நல்லா வந்திரிக்கே.”

“நல்லா வந்தாத்தான் ஓடணும். மோசமா வந்த ரிசல்ட் யாரையும் ஏமாத்துறதில்ல.”

வெள்ளிக்கிழமை காலை பிளாங்க் ஓடினோம். பாயிஸ் ஜும்மாவுக்குப் போக முன் கோட்டை இழுத்தார். இழுத்தவர் எழும்பவில்லை.

“மேடம், ஆண்டவன் தண்ணியிலேருந்து வனிலா தந்திரிக்கான்.”

வெறும் தண்ணீர். அதில் தெளிவான வனிலின். வினோதினி கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அனுப்பிய வரைபடம் இரண்டு நாளுக்கு முன்பே கொழும்பு போய்விட்டது.

மேடம் விசாரணையைத் தொடங்கினார். குரல் உயரவில்லை, அதனால்தான் பயமாக இருந்தது. ஆய்வுகூடத்துக்குள் யார் என்ன கொண்டுவந்தார்கள்? முதல் சந்தேகம் வட்டிலப்பத்தின் மேல்.

“மேடம், நாங்க வட்டிலப்பத்துக்கு ஏலக்காய்தான் போடுற. எசன்ஸ் போட்டா எங்கட உம்மா சட்டியோட எறிவா.”

“அதோட, கோபுரம் வந்தது புதன்கிழமை. வட்டிலப்பம் வந்தது வியாழக்கிழமை” என்றேன் நான். வட்டிலப்பம் விடுதலையானது. பாயிஸ் இன்றைக்கும் அந்தக் கிழமையை ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறார், நன்றி கெட்ட மனிதர்.

அடுத்தது கிறீம் பிஸ்கட், வினோதினியின் பவுடர், என் தலை எண்ணெய். எல்லாம் தனித்தனியாக மேடத்தின் கேள்விக்கு உட்பட்டன. என் எண்ணெயில் என்ன சேர்த்திருக்கிறது என்று போத்தலைப் பார்த்து வாசித்துக் காட்டவேண்டியிருந்தது. பிறகு ஒவ்வொரு பொருளாகக் கழித்தோம். வடிகட்டிய தண்ணீர், சுத்தம். பீக்கர் கழுவிய நீர், சுத்தம். வடிதாள், சுத்தம். ஐஸ் பையின் வெளிப்புறம்கூட, மீன் மணந்தாலும் வனிலின் இல்லை. கடைசியில் வினோதினி புரோப்பை நல்ல தண்ணீரில் இறக்கி, மின் போடாமல் வைத்தெடுத்தார். ஒன்றுமில்லை என்கிற அளவு. மின்னைப் போட்டு எடுத்தார். பீக் எழும்பியது.

“முனையிலேருந்துதான் வருது” என்றார்.

மேடம் திரும்பி, மூலையில் இன்னும் எடுக்காமல் இருந்த சரஸ்வதி படத்தைப் பார்த்தார். அதற்கு முன்னால் காய்ந்துபோன சந்தனக் கிண்ணம். ஒரு துணுக்கைச் சுரண்டி, கரைத்து, வடித்து, தன் கையால் லேபல் ஒட்டிப் பாயிஸிடம் கொடுத்தார். கோடு வந்தது. வனிலின் தாராளமாக இருந்தது, வாசனைக்காகக் கலந்தது. பாயிஸ் சந்தன எண்ணெய்க்குரிய இடத்தைத் தேடி விரலால் தடவினார், அங்கே கோடு தட்டையாகக் கிடந்தது.

“டப்பியில சந்தனம் எண்டு போட்டிரிக்கி. உள்ளுக்குச் சந்தனம் மட்டும் இல்ல.”

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அடுத்த கேள்வியும் அதற்கு மறுமொழியும் எல்லாருக்கும் தெரியும். கேட்கப்போகிறவருக்கு மட்டும் மறுமொழி நினைவில்லை.

“முனையில யார் சந்தனம் வெச்ச?”

பாயிஸ் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணத் தொடங்கினார். வினோதினி இல்லாத தூசை மேசையிலிருந்து தட்டினார்.

“தங்கராசா, உங்களுக்கு நாள், கிழமை எல்லாம் நினைவிருக்குமே. இது நினைவில்லையா?”

“தலைமைப் பொறுப்பில உள்ள ஒரு ஆள், மேடம்” என்றேன்.

மேடம் தன் மோதிரவிரலைத் தூக்கிப் பார்த்தார்.

“நானா?”

“ஆனா மேடம், வேலை செய்யிற பகுதியிலதான் வெச்சீங்க” என்றார் பாயிஸ் ஆறுதலாக.

மேடம் சிரித்து நான் கண்டது மிகக் குறைவு. அன்று தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “அப்ப புதன்கிழமை அனுப்பின வரைபடம் பிழை. சொல்லணும்” என்றார்.

வினோதினி உட்கார்ந்துவிட்டார். “மேடம், குழு வந்து போகட்டுமே. மறுகா சொல்லலாம்தானே. முதற்கட்டம் எண்டு போட்டுத்தானே இரிக்கி.”

“மறுகா எண்டா எப்ப?”

“எனக்கு வேலை நிச்சயமான பிறகு” என்று வினோதினி நேரே சொன்னார்.

மேடம் ஒரு கதிரையை இழுத்து வினோதினிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். வினோதினியின் கண் புரோப்புக்குப் போனது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

“தங்கராசா அண்ணன் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சவர். நான் பாத்தனான். துடைச்ச முனையில சந்தனம் எங்க ஒளிச்சிருந்த?”

அந்தக் கேள்வியை எங்களில் யாரும் கேட்கவில்லை. மேடமும் கேட்கவில்லை. முனையைக் கழற்றி உருப்பெருக்கியின் கீழ் வைத்தோம். எங்கள் கண்ணுக்கு இலேசான மங்கலாகத் தெரிந்த நடுப்பகுதி, கறையான் அரித்த பலகைபோலக் குழி குழியாகக் கிடந்தது. குமிழிகள் உடைந்து உடைந்து டைட்டேனியத்தையே தின்றிருக்கின்றன. குழிகளின் அடியில் மஞ்சளாகச் சந்தனம். துணிக்கு எட்டாத அந்த இடத்திலிருந்து மீயொலி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றித் தந்திருக்கிறது.

மேடம் உருப்பெருக்கியிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார். “இப்பிடிக் குழி விழுந்த முனை ஒழுங்கா அதிராது.”

சித்திரையிலிருந்து விளைவு ஏன் இறங்கியது என்று அந்த இடத்தில் எல்லாருக்கும் விளங்கியது. தவிட்டில் பிழையில்லை, காரத்திலும் இல்லை. சந்தனம் ஒளித்திருந்த அதே குழிகள்தான்.

புதிய முனை வெளிநாட்டிலிருந்து வர மாதங்கள் ஆகும். குழு வருவது அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள். இருக்கிற முனையைத் தேய்த்துச் சமப்படுத்தலாம் என்று கைநூலில் இருந்தது. ஆனால் அளவோடு. அதிகம் தேய்த்தால் நீளம் குறைந்து, தண்டு அதிர வேண்டிய விதத்தில் அதிராது, முனை ஒரேயடியாகப் போய்விடும். தடித்த கண்ணாடிப் பலகையில் மிக மென்மையான அரத்தாளை ஒட்டி, தண்ணீர் விட்டு, முனையை நட்டக்குத்தாகப் பிடித்து எட்டு எழுதுகிறமாதிரி இழுக்கவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் சரிவு வந்துவிடும். கொஞ்சம் இழுத்து, கழுவி, உருப்பெருக்கியில் பார்த்து, அளந்து, மறுபடி இழுத்தோம். நான் கையைத் தளர்த்தினால் வினோதினி, அவர் தளர்த்தினால் பாயிஸ். பாயிஸ் இழுத்தது எட்டுப்போல இல்லை என்று வினோதினி சொன்னார். அறபு இலக்கத்தில் எட்டு இப்படித்தான் என்று பாயிஸ் சொன்னார். மேடம் அவர் கையிலிருந்து முனையை வாங்கிக்கொண்டார். சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகி, நாற்று நடுகிறவர்போல் குனிந்து, கடைசிக் குழி மறையும்வரை அவர்தான் இழுத்தார்.

பூட்டியதும் சமையலறை அலுமினியத்தாள் ஒன்றைத் தண்ணீரில் தொங்கவிட்டு முனைக்கு நேரே பிடித்தோம். அதிர்வு எவ்வளவு என்று பார்க்க அதுதான் எளிய வழி, நல்ல ஒலி தாளைத் துளைக்கும். முந்தின மாதங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளை விழும். அன்று எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடியப்பத் தட்டுப்போல இருந்தது.

முதலில் பிளாங்க். கோடு சமதரையாகப் போனது. பிறகு தவிட்டுச்சாறு. பீக் எழும்பியது. சந்தனக் கோபுரத்தின் உயரம் இல்லை, ஆனால் சித்திரையில் வந்ததைவிட நன்றாகவே மேலே. மறுநாளும் அதே உயரம். அதற்கு மறுநாளும் அதே. பாயிஸ் மூன்று கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். ஒரே கோடுபோல் இருந்தது.

குழுவில் மூன்று பேர் வந்தார்கள். தலைவருக்குத் தமிழ் தெரியும், சிரிப்புத் தெரியாது. மேடம் எடுத்த எடுப்பிலேயே, நீங்கள் ஏற்கெனவே பார்த்த வரைபடம் பிழை என்றார். சந்தனக் கதையைத் தன் விரலைக் காட்டியே சொன்னார், ஒரு சொல்லும் குறைக்காமல். இளையவர் இருவரும் குனிந்து தங்கள் முகத்தை ஒளித்தார்கள். தலைவர் வினோதினியைப் பார்த்தார்.

“பிளாங்க் ஓடாமல் விட்டிருந்தால், அந்த முதல் விளைவை நம்பியிருப்பீர்களா?”

நான் கதவடியில் ஐஸ் வாளியோடு நின்றேன். ‘இல்லை’ என்று சொல்லு பிள்ளை என்று மனதுக்குள் சொன்னேன்.

“ஓம் சேர்” என்றார் வினோதினி. “சந்தோசமா நம்பியிருப்பன். வீட்ட சொல்லியும் போட்டன்.”

தலைவர் தன் பேனையை மூடினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிவைப் பிறகு அறிவிப்போம் என்று சொல்லி, தேநீர் குடித்து, பாடும் மீன் பகிடியையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, ஓட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தபோது மேடத்தின் போன் ஒளிர்ந்தது. காதுக் கவசத்தைக் கழற்றிக்கொண்டு வெளியே போனார். கண்ணாடி வழியாக அவர் தலையாட்டுவது தெரிந்தது. வெப்பமானியைப் பார்க்கவேண்டிய வினோதினி ஒருகண்ணால் அந்தத் தலையைப் பார்த்தார். மேடம் திரும்பி வந்தார். கவசத்தைப் போட்டுக்கொண்டார். வினோதினியைத் தாண்டி வெப்பமானியைப் பார்த்து, ஐஸ் பையை நெருக்கும்படி விரலால் காட்டினார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

வினோதினியின் முகம் வாடிப்போனது. ஆனால் கை பைக்குப் போனது. அதன்பிறகு அவர் நிமிரவில்லை. அதிர்வு, ஓய்வு, அதிர்வு, ஓய்வு. ஓட்டம் முடிய உறிஞ்சினார், வடித்தார், குப்பியில் ஊற்றினார், எழுதினார், லேபல் ஒட்டினார். மேடம் அந்த லேபலைக் குனிந்து வாசித்தார். பிறகு லேபல் சுருளைக் கையில் எடுத்து நிறை பார்ப்பதுபோல் தூக்கினார்.

“இது மார்கழிக்குள்ள முடிஞ்சிரும். இன்னும் ஒரு வருசத்துக்குக் காணுற மாதிரி வாங்கிப் போடுங்க வினோதினி.”

வினோதினிக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கும்தான். பாயிஸுக்குத்தான் முதலில் விளங்கியது. “மேடம்! போன் வந்து இவ்வளவு நேரமும் இந்தப் புள்ளய உசிரோட சாகவிட்டீங்களா?” என்று கத்தினார்.

“ஓட்டம் நடந்ததுதானே” என்றார் மேடம்.